தறிக்குடோன் பெட்டிக்குச் சொந்த இயங்குதளம்: பீகிள்போன் பிளாக் பலகைக்கு லினக்ஸைத் தொகுக்கும் முறை

சோமனூர் பக்கத்தில் என் மாமா நடத்தும் தறிக்குடோனுக்கு, ஒவ்வொரு தறியும் ஒரு ஷிப்ட்டில் எத்தனை ஊடை போட்டது என்று எண்ணிக் கணக்கு வைக்கும் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தேன். முதலில் அதற்குள் இருந்தது பலகையோடு வந்த ஆயத்த லினக்ஸ்தான். எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் மின்சாரம் போய்த் திரும்பியதும் தறிக்காரர்கள் சுவிட்சைப் போட்டுத் தறிகளை ஓட்டிவிட, பெட்டி மட்டும் எழுந்து உட்கார ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. "ஏனுங் மாப்ள, தறி ஓடறப்ப உங்க பெட்டி தூங்கிட்டிருந்தா கூலிக் கணக்கை எப்படிங் போடறது?" என்று மாமா கேட்ட பிறகுதான், அந்தச் செயலிக்கென்றே ஓர் இயங்குதளத்தை நானே தொகுக்க உட்கார்ந்தேன். சில நொடிகளில் எழ வேண்டும், சொல்லாமல் போகும் மின்சாரத்தால் கெடக் கூடாது என்ற இரண்டு தேவைகளே கீழே உள்ள ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம்.

லினக்ஸ் முனையத்தில் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும். இயங்குதளத்தின் மையமான கெர்னலை முன்பின் தொகுத்திருக்க வேண்டியதில்லை. கட்டளைகளை ஒலிப்பின்படி மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

பலகை எப்படி எழுகிறது

பீகிள்போன் பிளாக் 2013-இல் வெளிவந்த பலகை. அதில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏஎம்3358 என்ற சிப். அதன் மையம் 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ8. நினைவகம் 512 மெகாபைட். சி பதிப்புப் பலகைகளில் 4 கிகாபைட் இஎம்எம்சி சேமிப்பும் பலகையிலேயே பதிந்திருக்கும். நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் ஊடை எண்ணுவதற்கு ஒரு கிகாஹெர்ட்ஸ் எதற்கு என்று கேட்டால், ஒரு தறிக்கு உண்மையிலேயே வேண்டாம். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரே அதிகம். பதினாறு தறியின் கணக்கை ஒரே இடத்தில் சேர்த்து, கோப்பாக வைத்து, நெட்வொர்க் வழியாக ஆபீஸ் கணினிக்கு அனுப்ப வேண்டியிருந்ததால்தான் லினக்ஸ் பக்கம் வந்தேன்.

இந்தச் சிப்பில் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஓடுவது, தொழிற்சாலையிலேயே அதற்குள் எழுதப்பட்ட ரோம் நிரல். வெளி நினைவகத்தை இயக்க அதற்குத் தெரியாது; ஆகையால் எஸ்டி கார்டிலிருந்து எம்எல்ஓ என்ற சிறு கோப்பை மட்டும் சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அங்கே இடம் 100 கிலோபைட்டைச் சற்றே தாண்டும் என்பதால் அந்தக் கோப்பு சிறியதாகத்தான் இருந்தாக வேண்டும். எம்எல்ஓ வெளி நினைவகத்தைத் தயார்செய்து யூ-பூட் என்ற பெரிய ஏற்றியை அழைக்க, யூ-பூட் கெர்னலையும், பலகையில் எந்தெந்தக் கருவி எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் ஏற்ற, கெர்னல் கடைசியாக ரூட் கோப்பு முறைமையை இணைத்து, மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் இனிட் நிரலைத் தொடங்குகிறது. நாம் தொகுக்கப் போவது இந்த வரிசையில் ரோம் நீங்கலான அத்தனையையும்தான். எங்கே நின்றுபோனாலும், இந்த வரிசையில் எந்தப் படியில் நின்றது என்று முதலில் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

கணினியைத் தயார்செய்தல்

இப்படி ஓர் இயங்குதளத்தை முழுதாகத் தொகுக்க யாக்டோ என்றொரு பெரிய கருவித்தொகுதி இருக்கிறது; பல வகைப் பலகைகளை விற்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். ஒரு பலகை, ஒரு வேலை என்று தொடங்குபவருக்கு அதே வேலையைச் செய்யும் சிறிய கருவியான பில்ட்ரூட்டே போதும் என்பது என் கருத்து. அதன் பதிப்புகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என மூன்று மாதத்துக்கு ஒன்றாக, ஆண்டையும் மாதத்தையுமே எண்ணாகக் கொண்டு வெளிவருகின்றன. பிப்ரவரிப் பதிப்புக்கு நீண்ட காலத் திருத்தங்கள் கிடைப்பதால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு அல்லது டெபியன் கணினியில் ஜிசிசி, ஜி++, மேக், பேட்ச், பெர்ல், சிபிஐஓ, அன்ஜிப், ஆர்சிங்க், பிசி, டபிள்யூகெட் ஆகியவற்றை நிறுவிக்கொண்டு, பில்ட்ரூட்டை உங்கள் வீட்டுக் கோப்புறையில் விரித்துக்கொள்ளுங்கள். 15 கிகாபைட்டாவது காலியிடம் வேண்டும். ரூட் பயனராக நின்று தொகுக்க வேண்டாம். சாதாரணப் பயனராகவே இருங்கள். விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு முதல் கட்டளையிலேயே ஒரு தடங்கல் வரும்: பாத் மாறியில் விண்டோஸின் கோப்புறைப் பெயர்களும் சேர்ந்துகொள்வதால் அதில் இடைவெளிகள் இருக்கும், இடைவெளி இருந்தால் பில்ட்ரூட் ஓட மறுத்துவிடும். விண்டோஸ் பாதைகளை அந்த மாறியிலிருந்து நீக்கிவிட்டுத் தொடருங்கள்.

செயலியைச் சொல்லும் பத்து நிமிடம்

"மேக் லிஸ்ட்-டெஃப்கான்ஃபிக்ஸ்" என்று தட்டினால் பில்ட்ரூட் அறிந்த பலகைகளின் பட்டியல் வரும். நம் பலகைக்கு "மேக் பீகிள்போன்_டெஃப்கான்ஃபிக்" என்று கொடுத்துவிட்டு, "மேக் மெனுகான்ஃபிக்" என்று கொடுத்தால் தேர்வுப் பட்டி திறக்கும். ஆயத்த அமைப்பே பெரும்பாலானவற்றை நிரப்பியிருந்தாலும், டார்கெட் ஆப்ஷன்ஸ் என்ற முதல் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். மற்ற பக்கங்களில் செய்யும் தவற்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், இந்தப் பக்கத்தில் செய்த தவறு முழுத் தொகுப்பையும் வீணாக்கிவிடும்.

கட்டமைப்பு ஆர்ம், லிட்டில் எண்டியன், வகை கார்டெக்ஸ்-ஏ8. அடுத்து வரும் ஏபிஐ என்ற வரியில் இஏபிஐ, இஏபிஐஹெச்எஃப் என இரண்டு உண்டு. தசம எண்களைச் செயற்கூறுகளுக்கு இடையே சாதாரணப் பதிவகங்களில் கொடுத்து வாங்குவது முதலாவது. தசமக் கணக்குக்கென்றே உள்ள பதிவகங்களில் கொடுத்து வாங்குவது இரண்டாவது. இரண்டு வகையில் தொகுத்த நிரல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. கார்டெக்ஸ்-ஏ8-இல் விஎஃப்பிவி3, நியான் ஆகிய தசமக் கணக்கு அலகுகள் இரண்டும் இருப்பதால் இஏபிஐஹெச்எஃப் வைத்து, நியான் ஆதரவையும் இயக்கிக்கொள்ளுங்கள். இந்த மையத்தின் விஎஃப்பி அலகு வேகம் குறைந்தது. ஒற்றைத் துல்லியக் கணக்குகளில் நியானே கைகொடுக்கும்.

டூல்செயின் (கம்பைலர் முதலான தொகுப்புக் கருவிகள்) பக்கத்தில் சி நூலகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிலிப்சி பெரியது, எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். யூசிலிப்சி-என்ஜி, மசல் ஆகியவை சிறியவை. தொடக்கத்தில் ஜிலிப்சியே நல்லது என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். கெர்னல் ஹெடர்களின் பதிப்பு நீங்கள் தொகுக்கும் கெர்னலை விடப் புதியதாக இருக்கக் கூடாது. சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ரூட் கடவுச்சொல்லை அமைத்துவிடுங்கள்.

சேமித்து வெளியேறி, வெறுமனே "மேக்" என்று கொடுங்கள். இணைக் கம்பைல்களின் எண்ணிக்கையை பில்ட்ரூட்டே பார்த்துக்கொள்ளும். முதல் முறை, பலகையின் செயலிக்கான நிரலை நம் கணினியிலேயே தொகுத்துத் தரும் கிராஸ் கம்பைலரையே மூலநிரலிலிருந்து கட்டுவதால் நேரம் பிடிக்கும். என் பழைய லேப்டாப்பில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. முடிந்ததும் அவுட்புட் கோப்புறைக்குள் இமேஜஸ் என்ற இடத்தில் எம்எல்ஓ, யூ-பூட், இசட்இமேஜ் என்ற கெர்னல், டிவைஸ் ட்ரீ, எல்லாவற்றையும் ஒன்றாக்கிய எஸ்டிகார்டு.இமேஜ் ஆகியவை இருக்கும். பக்கத்தில் டார்கெட் என்ற கோப்புறையும் முழு ரூட் கோப்பு முறைமை போலவே தெரியும். ஆனால் உரிமைகளும் சாதனக் கோப்புகளும் அதில் சரியாக அமைந்திருக்காது என்பதால் அதை அப்படியே கார்டில் நகலெடுக்காதீர்கள்.

பிறகு கட்டமைப்பையோ டூல்செயினையோ மாற்றினால் "மேக் கிளீன்" கொடுத்து முதலிலிருந்து தொகுக்க வேண்டும். பழைய முறையில் தொகுத்தவற்றை பில்ட்ரூட் தானாகக் கண்டுபிடித்து மாற்றாது.

கார்டில் எழுதி, சீரியலில் பார்த்தல்

"எல்எஸ்பிஎல்கே" கட்டளையைக் கார்டைச் செருகுவதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் ஓட்டி, புதிதாகத் தோன்றும் பெயர்தான் கார்டு என்று உறுதிசெய்த பிறகே "டிடி" கட்டளையால் இமேஜை எழுதுங்கள்.

திரையை எதிர்பார்க்காதீர்கள், நமக்குக் கண் சீரியல் கேபிள்தான். பலகையில் ஜே1 என்று குறித்த ஆறு முள் வரிசையில் 1 கிரவுண்ட், 4 பலகை கேட்கும் முள், 5 பலகை பேசும் முள். கேபிள் 3.3 வோல்ட் வகையாகத்தான் இருக்க வேண்டும். கடையில் 5 வோல்ட் கேபிளும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், கேட்டு வாங்குங்கள். வேகம் 115200. எஸ்2 என்ற பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுத்தால் பலகை எஸ்டி கார்டை இஎம்எம்சிக்கு முன்பாகப் பார்க்கும். ரீசெட் பட்டனை அழுத்தினால் இந்தத் தேர்வு மாறாது. மின்சாரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

திரையில் சி என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தால் ரோம் நிரலுக்கு எம்எல்ஓ கிடைக்கவில்லை, சீரியல் வழியாகவாவது அனுப்புங்கள் என்று கேட்கிறது என்று பொருள். யூ-பூட் பேசிவிட்டுக் கெர்னல் மௌனமானால் டிவைஸ் ட்ரீயையோ கன்சோல் பெயரையோ பாருங்கள்.

நம் நிரலைச் சேர்த்தல்

ஒவ்வொரு தறியின் தண்டுக்கு அருகிலும் ஒரு ப்ராக்சிமிட்டி சென்சார். அதன் 24 வோல்ட் சைகை, இரு மின்சுற்றுகளைப் பிரித்துவைத்து ஒளியால் சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாகவே பலகைக்கு வருகிறது. பலகையின் முட்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, பலகைக்கு மின்சாரம் வரும் முன் முட்களில் மின்னழுத்தம் இருக்கவும் கூடாது. எண்ணும் நிரலை, முட்களின் சைகையைப் படிக்க உதவும் லிப்ஜிபிஐஓடி நூலகத்தைக் கொண்டு சி மொழியில் எழுதினேன்.

ஜிலிப்சிக்கான காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் முறை தொகுத்தபோது சிறியதாக இருக்கட்டும் என்று யூசிலிப்சியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நிரலையோ ஆயத்த டெபியனில் முன்பு தொகுத்தது ஏற்கெனவே இருக்கிறதே என்று அப்படியே கொண்டுவந்து போட்டேன். ஓட்டினால் "நாட் ஃபவுண்ட்" என்றது. கோப்பு கண் முன்னே இருக்கிறது, ஓட்டும் உரிமையும் இருக்கிறது, ஆனாலும் காணோம் என்கிறது. ஒரு நாள் முழுக்க உரிமைகளையும் பாதைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, "ரீட்எல்ஃப்" கட்டளையில் எல் என்ற சிறிய எழுத்துத் தேர்வைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: காணாமல் போயிருந்தது என் நிரல் அல்ல, அந்த நிரல் தன்னை ஏற்றித் தரும்படி கேட்கும் ஜிலிப்சியின் டைனமிக் லோடர். ஷெல் அதைப் பிரித்துச் சொல்வதில்லை. செயலியே வேறாக இருந்தால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று வரும். செயலி சரியாக இருந்து லோடர் இல்லாவிட்டால் இந்தக் குழப்பமான பதில் வரும். விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்டின் வரி முடிவுகளாலும் இதே பதில் வரக்கூடும். ஆகவே நிரலை அவுட்புட்டுக்குள் ஹோஸ்ட் கோப்புறையில் இருக்கும் கிராஸ் கம்பைலராலேயே தொகுங்கள். இன்னும் நல்லது, அதை பில்ட்ரூட்டின் ஒரு பேக்கேஜாகவே எழுதிவிடுவது.

நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்ட்டுக்கு பில்ட்ரூட்டுக்கு வெளியே ஓவர்லே என்ற கோப்புறை வைத்து, அதன் பாதையை சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் கொடுங்கள். அதற்குள் இடிசி, இனிட்.டி என்ற வரிசையில் எஸ்90எண்ணி என்பது போல எஸ்ஸும் இரண்டு இலக்கமும் முன்னால் வரும் பெயரில் ஸ்கிரிப்ட்டை வைத்தால், பிசிபாக்ஸ் என்ற சிறு கட்டளைத் தொகுப்பின் இனிட் எண் வரிசையில் ஓட்டும்.

நேரத்தை மறந்துவிடாதீர்கள். பலகையில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் தேதியும் போய்விடும், ஷிப்ட் கணக்கு வைக்கும் பெட்டிக்கு அது ஆகாது. டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் ஒன்றைப் பலகையின் ஐ2சி முட்களில் இணைத்து, "மேக் லினக்ஸ்-மெனுகான்ஃபிக்" வழியாக டிஎஸ்1307 டிரைவரை இயக்குங்கள்; பெயர் வேறானாலும் டிஎஸ்3231-ஐயும் அதுவே பார்த்துக்கொள்ளும். டிவைஸ் ட்ரீயிலும் அதைச் சேர்க்க வேண்டும். சிப்பின் உள் கடிகாரமே ஆர்டிசி0 என்ற பெயரைப் பிடித்துக்கொண்டால் கெர்னல் தவறான நேரத்தை எடுத்துக்கொள்ளும். டிவைஸ் ட்ரீயின் ஏலியஸ் பகுதியில் நம் மாட்யூலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

எழும் நேரமும் மின்தடையும்

யூ-பூட்டின் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக்கி, கெர்னல் வரியில் "க்வையட்" சேர்த்து, தேவையற்ற டிரைவர்களை நீக்குங்கள். நெட்வொர்க் கேபிள் செருகாத பெட்டி, டிஹெச்சிபி வழியாக முகவரி கிடைக்கக் காத்திருந்து நேரத்தை வீணாக்கும் என்பதால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் டிஹெச்சிபி வரியைக் காலியாக விட்டு, நிலையான முகவரியை ஓவர்லேயில் எழுதினேன். என் பெட்டி இப்போது தறிக்காரர் முதல் தறியை ஓட்டுவதற்குள் எழுந்துவிடுகிறது.

ரூட் கோப்பு முறைமையைத் தொடக்கத்தில் எழுதக்கூடியதாக மாற்றும் தேர்வு சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, கெர்னல் வரியிலும் ஆர்டபிள்யூ என்ற சொல் இல்லாதபடி பாருங்கள். எழுதாத கோப்பு முறைமை மின்தடையால் கெடுவதில்லை. கணக்குக்கு மட்டும் மூன்றாவதாக ஓர் இஎக்ஸ்டி4 பகுதி வைத்து, என் ஸ்கிரிப்ட் அதை இணைக்கிறது. நிரல் சில நொடிகளுக்கு ஒரு முறை எழுதி, அது உடனே கார்டில் பதியும்படி எஃப்சிங்க் செய்கிறது. இணைக்க வேண்டிய காலிக் கோப்புறை ஓவர்லேயிலேயே இருக்க வேண்டும், ஓடும்போது உருவாக்க முடியாது. இயங்குதளமே தொங்கிப்போனால் பலகையைத் திரும்ப எழுப்ப பிசிபாக்ஸின் வாட்ச்டாகையும் இயக்கினேன்.

"மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்" கொடுத்து உங்கள் தேர்வுகளைச் சிறு கோப்பாக எடுத்து, ஓவர்லேயோடு கிட் (ஜிஐடி) என்ற பதிப்புச் சேமிப்புக் கருவியில் சேமியுங்கள். பெட்டியை விற்கும் எண்ணம் இருந்தால் "மேக் லீகல்-இன்ஃபோ" உரிமங்களையும் மூலநிரல்களையும் திரட்டித் தரும். ஜிபிஎல் உரிமப்படி வாங்குபவர் கேட்டால் மூலநிரலைத் தர வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு.

கடைசியாக எஸ்2 பட்டன். மின்சாரம் வரும்போதெல்லாம் அதை அழுத்திப் பிடிக்கத் தறிக்குடோனில் யாரும் நிற்கப்போவதில்லை. அழுத்தாவிட்டால் பலகை இஎம்எம்சியில் இருக்கும் பழைய ஆயத்த லினக்ஸுக்கே போய்விடும். நம் இயங்குதளத்தில் உள்ளே நுழைந்து, எது கார்டு, எது இஎம்எம்சி என்று அளவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு (என் பலகையில் இஎம்எம்சி எம்எம்சிபிஎல்கே1), அதன் முதல் ஒரு மெகாபைட்டை "டிடி" கொண்டு பூஜ்யங்களால் நிரப்புங்கள். இதனால் பழைய லினக்ஸ் அழிந்துவிடும். வேண்டுமென்றால் முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள். இனி ரோம் நிரல் இஎம்எம்சியில் எதுவும் கிடைக்காமல் தானே எஸ்டி கார்டுக்கு வரும். மின்சாரத்தை எடுத்து, பட்டனைத் தொடாமல் மீண்டும் கொடுத்து, சீரியலில் உங்கள் யூ-பூட்டின் தொகுப்புத் தேதி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூடியைத் திருகிவிடலாம்.