சவுக்கார்பேட்டைக்கு சாப்பிட போறீங்களா? நாலு மணிக்கே வந்துடுங்க

சென்னைக்கு சுத்திப்பாக்க வர்றவங்க நெறைய பேரு ராத்திரி எட்டு மணிக்கு மேல சவுக்கார்பேட்டை தங்கசாலை தெருவுல வந்து இறங்கி, கூட்டத்துல இடிபட்டு ரெண்டு கடையில சாட் சாப்பிட்டு போட்டோ எடுத்துட்டு திரும்பிடறாங்க. எனக்கு அத பாத்தாலே ஆத்தாமையா இருக்கும். அந்த சாப்பாடெல்லாம் இந்த தெருவுக்கு வந்ததுக்கு காரணமே பக்கத்து தெருவுங்கள்ல நடக்கற மொத்த வியாபாரம்தான், குஜராத்தி மார்வாடி தெலுங்கு செட்டியாருன்னு வியாபாரத்துக்கு வந்து இங்கயே தங்கிட்ட குடும்பங்களோட சாப்பாடு அது. அதனால நாலு மணிக்கு வாங்க, மொதல்ல கடைத்தெருவ பாருங்க, அப்புறம் சாப்பிடுங்க. பசியும் நல்லா எடுக்கும்.

கிழமைய பாத்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை மொத்தக்கடைங்க பெரும்பாலும் மூடியிருக்கும், திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஓகே. அக்டோபர் நவம்பர்ல பெரிய மழை பேஞ்ச மறுநாள் வேணாம், தண்ணி நிக்கும். தீபாவளிக்கு முந்தின வாரமும் முதல் தடவ வர்றவங்களுக்கு கஷ்டம், நடக்கவே முடியாது. கார் கொண்டு வராதீங்க, நிறுத்த இடமே இல்ல. மெட்ரோவுல சென்ட்ரல் வந்து இறங்கி, பாத்ரூம் போறதெல்லாம் ஸ்டேஷன்லயே முடிச்சுட்டு (லேடீஸ் கூட வந்தா இது ரொம்ப முக்கியம், உள்ள போயிட்டா தேடித்தான் அலையணும்) பார்க் டவுன் பக்கமா நடங்க. காலை மூடுற மாதிரி செருப்பு, துணிப்பை, தண்ணி பாட்டில், கொஞ்சம் சில்லறை நோட்டு போதும், மத்தபடி ஜிபே பெரும்பாலும் எல்லா எடத்துலயும் ஓடும்.

முதல்ல ராசப்ப செட்டி தெரு. இங்கதான் கந்தகோட்டம் முருகன் கோயில், வள்ளலார் சின்ன வயசுல பாடின கோயில், உள்ள போய் கும்பிட்டுட்டு வாங்க. வெளியில வந்தா நாட்டு மருந்து கடைங்க வரிசையா இருக்கும். திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய் எல்லாம் சாக்குல வாய திறந்து வச்சிருப்பாங்க, அந்த வாசனைக்காகவே மெதுவா நடக்கலாம். சுக்கு மல்லி காப்பிக்கு சாமான் வேணும்னு சொன்னா போதும், அவங்களே கட்டி குடுப்பாங்க.

அங்கேருந்து என்.எஸ்.சி. போஸ் ரோடு புடிச்சு கோவிந்தப்ப நாயக்கன் தெரு பக்கம் உள்ள போனீங்கன்னா கொத்தவால் சாவடி. 1996ல கோயம்பேடு மார்க்கெட் தொறக்கற வரைக்கும் மெட்ராஸ் மொத்தத்துக்கும் காய்கறி இங்கேருந்துதான் போச்சு, இப்பவும் மளிகை வியாபாரம் ஜோரா நடக்குது. இந்த ஏரியாவுக்கு வெள்ளைக்காரன் காலத்துல பிளாக் டவுன்னு பேரு, ஜார்ஜ் மன்னர் முடிசூடினப்போ 1911ல ஜார்ஜ் டவுன்னு மாத்துனாங்க, ஆனா இங்க புழங்கறவங்க யாரும் அப்படி சொல்றதில்ல, பாரிஸ் கார்னர், பூக்கடை, சவுக்கார்பேட்டைன்னு கேட்டாதான் வழி சொல்லுவாங்க.

இங்க நடக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. தலையில மூட்டையோட வர்றவரும் மீன்பாடி வண்டி ஓட்டறவரும் நிக்க முடியாது, "சைடு சைடு"ன்னு குரல் கேட்டா திரும்பி யாருன்னு பாக்காதீங்க, பக்கத்து கடை படியில ஏறிடுங்க. நடுத்தெருவுல நின்னு வீடியோ எடுக்கறது ரொம்ப தப்பு, அது அவங்க கூலிய கெடுக்கற மாதிரி. ஆளுங்க முகத்த எடுக்கணும்னா "அண்ணா ஒரு போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு கேளுங்க, முக்காவாசி பேரு சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க, வேணாம்னா விட்டுடுங்க. இன்னொன்னு, சேட்டு கடைன்னா இந்தி பேசணும்னு தயங்க வேணாம், தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்கறவங்க, நம்மள விட நல்லா மெட்ராஸ் தமிழ் பேசுவாங்க.

வாங்கறதுன்னா மொதல்லயே "சில்லறையா குடுப்பீங்களா"ன்னு கேட்டுடுங்க, சில கடையில கிலோவுக்கு கீழ தர மாட்டாங்க. முந்திரி டப்பா மேல 210, 240, 320ன்னு நம்பர் போட்டிருக்கும். அது ஒரு பவுண்டுக்கு எத்தன பருப்பு நிக்கும்ங்கற கணக்கு, நம்பர் சின்னதா இருந்தா பருப்பு பெருசு, வெலயும் ஜாஸ்தி. பாயசத்துக்கு 320 தாராளம், யாருக்காவது குடுக்கறதுன்னா 210 வாங்குங்க. ஏலக்காய் மில்லிமீட்டர் கணக்குல வரும், 8 எம்எம்னா நல்ல பெருசு. ஒரு காய கையில உரிச்சு பாருங்க, உள்ள விதை கருப்பா லேசா பிசுபிசுன்னு இருந்தா புதுசு. மிளகாய் நீட்டா குண்டான்னு கேப்பாங்க, வத்தக்குழம்புக்கும் தாளிக்கவும் குண்டு, கலருக்கு நீட்டு. பேரம் கால் கிலோவுக்கு எல்லாம் பேசாதீங்க, நாலஞ்சு சாமான் சேத்து வாங்கினா கடைசில அவங்களே பாத்து போடுவாங்க.

ஆறரை ஆச்சுன்னா தங்கசாலை தெருவுக்கு வந்துடலாம். ரூல் ஒண்ணுதான், ரெண்டு பேருக்கு ஒரு பிளேட். ஒரே கடையில வயித்த ரொப்பிட்டா அதோட முடிஞ்சுது. காக்கடா ராம்பிரசாத்ல ஜிலேபி எண்ணெயில இருந்து பாகுக்கு போயி அப்படியே உங்க தட்டுக்கு வரணும், ஆறினத வாங்காதீங்க, கூடவே ஆலு டிக்கி. அதே தெருவுல முறுக்கு சாண்ட்விச் போடுவாங்க, ரெண்டு முறுக்குக்கு நடுவுல பச்சை சட்னி, வெள்ளரி, தக்காளி, சீஸ் எல்லாம் வச்சு குடுக்கறது, கைக்கு வந்த நிமிஷமே கடிச்சுடணும், பேசிக்கிட்டு நின்னா நமத்துடும். வெங்காயம் பூண்டு வேணாம்னா "ஜெயின்"னு ஒரு வார்த்த சொன்னா போதும், பாவ் பாஜியில கூட உருளைக்கு பதிலா வாழைக்காய் போட்டு செய்யற வழக்கம் உண்டு. லஸ்ஸி கடைசியா குடிங்க, ஏடு போட்டு கெட்டியா தர்றதால மொதல்லயே குடிச்சா வேற எதுவும் எறங்காது. சட்னி தண்ணி ஒத்துக்காதவங்க, குழந்தைங்க, சூடா கண்ணு முன்னாடி செய்யறத மட்டும் சாப்பிடுங்க.

திரும்பி என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்கு வந்தா சீனா பாய் கடை. சாயங்காலம்தான் தொறப்பாங்க, நெய் பொடி இட்லியும் ஊத்தப்பமும்தான் ஸ்பெஷல், நெய்ல ஊறின பொடி இட்லி, கண்டிப்பா சாப்பிடுங்க. என்னைய கேட்டா மொத்த தெருவுலயும் இதுக்குத்தான் முதல் மார்க்.

இன்னும் வயித்துல இடம் இருந்தா அப்படியே பீச் ஸ்டேஷன் பக்கம், பர்மா பஜாருக்கு எதிர்ல செகண்ட் லைன் பீச்ங்கற தெருவுக்கு போங்க. 1962க்கு அப்புறம் பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் போயி, கையில கெடச்சத எடுத்துக்கிட்டு கப்பல்ல வந்த தமிழ் குடும்பங்க கொண்டு வந்த சாப்பாடு அத்தோ. தள்ளுவண்டியில நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாத்தையும் கையாலயே பெசஞ்சு தருவாங்க, கரண்டியில கலந்தா அந்த ருசி வராது. கூட வாழைத்தண்டு போட்ட சூப். அவிச்ச முட்டைய கீறி உள்ள பொரிச்ச வெங்காயம் வச்சு தர்றதையும் ஒண்ணு வாங்குங்க, வாயில முழுசா போட்டுக்கணும். காரம் கம்மியா வேணும்னா பெசையறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ரம்ஜான் மாசத்துல வந்தீங்கன்னா பக்கத்துல மண்ணடி இருக்கு, அந்த மாசம் சாயங்காலம் அந்த தெருவே வேற, நோன்புக்கஞ்சியும் வடையும் சாப்பிடலாம். திரும்ப போறதுக்கு ஹைகோர்ட் மெட்ரோ பக்கம்தான், இல்லன்னா பீச் ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் டிரெயின். பத்து மணிக்குள்ள ஸ்டேஷனுக்கு வந்துடுங்க, மெட்ரோ பதினோரு மணியோட முடிஞ்சிடும், அதுக்கப்புறம் பையும் கையுமா நிக்கறவங்கள பாத்தா ஆட்டோக்காரங்க சொல்ற ரேட்டே வேற.