மிஞ்சிய இறைச்சி சாஸை என்ன செய்யலாம்?

பாஸ்தாவுக்குக் கொத்திறைச்சி சாஸ் செய்தால் நான் வேண்டுமென்றே கூடுதலாகத்தான் செய்வேன். மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். 3, 4 நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான்.

எனக்கு முதலில் தோன்றுவது முட்டை. சாஸை அகலமான வாணலியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, நன்றாகக் கொதிக்க விடுங்கள். மேலே ஆரஞ்சு நிறத்தில் உறைந்திருக்கும் கொழுப்பை வழித்து எறிய வேண்டாம், ருசியே அதில்தான் இருக்கிறது. தீயைக் குறைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் குழி செய்து, குழிக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றி மூடுங்கள். வெள்ளைக்கரு முழுதும் வெந்து, மஞ்சள் கரு லேசாக ஆடும்போது அடுப்பை அணைத்துவிடலாம். உப்பு போடாதீர்கள், சாஸில் இருப்பதே போதும்.

அப்புறம் உருளைக்கிழங்கு. சாஸை வற்றவைத்துத் தட்டில் பரப்பி, மசித்த கிழங்கை மேலே மூடி, முள்கரண்டியால் வரி போட்டு, 200 டிகிரி செல்சியஸில் வரிகளின் முனை சிவக்கும் வரை ஓவனில் வையுங்கள். வற்றவைக்காவிட்டால் கிழங்கு உள்ளே மூழ்கிவிடும்.

குடைமிளகாய்க்குள் சோற்றோடு கலந்து அடைப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இரண்டே கரண்டிதான் மிஞ்சியதா? ரொட்டிக்கு நடுவே சீஸோடு வைத்து, வெண்ணெயில் அழுத்தி வாட்டுங்கள். சாஸை முதலில் ஆவி பறக்கச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரொட்டி கருகினாலும் நடுவில் சில்லென்றே இருக்கும்.