யார் காசில் படிக்கிறீர்கள்? மிஸ்ஸி வேலைக்கு வரும் தங்கைகளுக்கு

நான் ஒரு தாதி, மலேசியாவில் எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வெளியானதும் பட்டர்வொர்த், பிறை பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, நர்சிங் படிக்க எவ்வளவு ஆகும்?" அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "படித்து முடித்த பிறகு எந்த வார்டில் நிற்க ஆசை, சொல்லும்மா." யார் காசில் படிக்கிறோமோ, அடுத்த சில வருடங்களுக்கு நாம் நிற்கும் இடத்தை முடிவு செய்வதும் அவர்கள்தான். ஆகையால் கட்டணத்தையும் பிற்பாடு எடுக்கப்போகும் சிறப்புப் பயிற்சியையும் ஒன்றாக வைத்து யோசியுங்கள்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாதியர் டிப்ளோமா மூன்று வருடம். பொதுவாக எஸ்பிஎம்மில் ஐந்து பாடங்களில் கிரெடிட் தேர்ச்சி கேட்பார்கள். பஹாசா மலேசியா, கணிதம், ஓர் அறிவியல் பாடம் மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்து விளம்பரத்தில் தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் படிப்பை லெம்பாகா ஜுருராவாட் மலேசியா என்ற தாதியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்பது. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி அங்கே பதிவு பெறாதவர் தாதியாக வேலை செய்ய முடியாது. பளபளப்பான விளம்பரத் தாளைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரி. கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. எஸ்பிஏ என்ற பொதுச் சேவை ஆணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரம் குறுகிய நாள்களுக்குத்தான் திறந்திருக்கும், அதைத் தவறவிட்டால் அடுத்த சேர்க்கை வரை காத்திருக்க வேண்டும். படித்த பிறகு அரசாங்கத்துக்கு வேலை செய்யும் கடமை உண்டு, எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். பினாங்கிலேயே இருந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சபா, சரவாக் என்றாலும் சரி என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போங்கள்.

அடுத்தது தனியார் மருத்துவமனைகளின் ஸ்பான்சர். இங்கேதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கட்டணத்தை அவர்களே கட்டுவார்கள், கைச்செலவுக்கும் தருவார்கள், பதிலுக்கு இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய் என்று பாண்ட் போடுவார்கள். அதில் தவறில்லை, நல்ல மருத்துவமனையில் கட்டுப்பட்டுக் கிடப்பதும் ஒரு படிப்புதான். ஆனால் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து வரிவரியாகப் படியுங்கள். இடையில் விலகினால் முழுத் தொகையா, மீதி வருடங்களுக்குரிய தொகை மட்டுமா? பதிவுத் தேர்வில் தோற்றால் என்ன ஆகும்? பாண்ட் ஓடத் தொடங்குவது தேர்வு எழுதிய நாளிலிருந்தா, பதிவு கிடைத்து வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா? எந்தப் பிரிவில் போடுவார்கள், மாற்றம் கேட்கலாமா? ஜாமீன் கையெழுத்துப் போடுவது யார்? அப்பா போடுகிறார் என்றால் அப்பாவும் அந்த வரிகளைப் புரிந்துகொள்ள வேண்டும். மலாயில் இருந்தால் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். என் தோழி ஒருத்திக்குக் குழந்தைகள் வார்டுதான் உயிர். அவளுடைய பாண்ட் முடியும்வரை அவள் வேலை செய்த மருத்துவமனை அவளை வெளிநோயாளர் பிரிவிலேயே வைத்திருந்தது. தாளில் பிரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் அவளால் எதுவும் பேச முடியவில்லை.

நான் படித்தது பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனில். மீதியை அம்மா தன் இபிஎஃப் சேமநிதியிலிருந்து எடுத்தார். பிறை தொழிற்சாலையில் ஷிஃப்டு பார்த்துச் சேர்த்த காசு அது. கடன்தான், ஆனால் எந்த மருத்துவமனைக்கும் நான் கட்டுப்பட்டிருக்கவில்லை. பிடிபிடிஎன் சேவைக் கட்டணம் வருடத்துக்கு 1 விழுக்காடு. படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கலாம். விண்ணப்பிக்கும் முன் உங்கள் பெயரில் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்குத் திறந்துவிடுங்கள். கடன் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறும், முதல் தவணை கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வந்து சேரும். அதுவரை பதிவுக் கட்டணம், சீருடை, வெள்ளைக் காலணி, விடுதி முன்பணம் எல்லாம் சொந்தக் கையிலிருந்துதான். அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பெற்றோரின் இபிஎஃப்பில் படிப்புக்கு எடுப்பது 2024 மே மாதத்திலிருந்து அதிலுள்ள செஜாத்தெரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்து. எம்ஐஇடி என்ற கல்வி அமைப்பும் கல்விக் கடன் தருகிறது. வீட்டில் யாராவது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்க உறுப்பினரா என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் கல்வி உதவி தருகிறார்கள். பினாங்குக்காரர்கள் இந்து அறப்பணி வாரியத்துக்கும் எழுதிப் போடலாம். சின்னத் தொகை என்று ஒதுக்காதீர்கள், ஒரு பருவத்துப் புத்தகச் செலவாவது தேறும்.

இனி சிறப்புப் பயிற்சி. நாங்கள் போஸ்ட் பேசிக் என்போம், இப்போது பல இடங்களில் உயர்நிலை டிப்ளோமா என்று பெயர். ஐசியு, ஓடி என்ற அறுவை அரங்கு, அவசரப் பிரிவு, பச்சிளங்குழந்தை, மகப்பேறு, புற்றுநோய், மனநலம், டயாலிசிஸ் எனப் பலவும் உண்டு. பெரும்பாலானவை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். நான் டயாலிசிஸ் எடுத்தேன். நம் வீடுகளில் இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இல்லாத குடும்பம் எது? அந்த நோய் சிறுநீரகத்தைத் தின்று, கடைசியில் எங்கள் டயாலிசிஸ் நாற்காலிக்கு வந்து சேருகிறவர்களில் எத்தனையோ பேர் நம் மாமாவும் அத்தையும்தான்.

அந்த வேலையில் சிறப்புப் பயிற்சி என்ன செய்கிறது என்று கேட்டால் இதைச் சொல்வேன். நோயாளியின் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருப்பார்கள், ஃபிஸ்டுலா என்று பெயர். ஊசி குத்துமுன் அதன்மேல் மூன்று விரலை வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு ஓடும், பூனை முனகுவதுபோல. அது இல்லையென்றால் குத்தக்கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். வாரம் மூன்று முறை, நாலு மணி நேரம், ஒவ்வொரு தடவையும் இரண்டு தடித்த ஊசி. "மிஸ்ஸி, நீங்களே குத்துங்கம்மா" என்று ஒரு பெரியவர் கையை நீட்டும்போது அந்தப் பயிற்சியின் அருமை தெரியும். எடை பார்த்து எவ்வளவு நீர் எடுப்பது, இரத்த அழுத்தம் இறங்கும் முன் அவர் முகத்தில் வரும் கொட்டாவியை எப்படிக் கவனிப்பது, இதெல்லாம் புத்தகத்தில் பாதி, நாற்காலிப் பக்கத்தில் பாதி.

அங்கே போய்ச் சேர, பதிவு கிடைத்ததும் முதலில் பொது வார்டில் உழையுங்கள். அவசரப்பட வேண்டாம், நோயாளியை மொத்தமாகப் பார்க்கும் கண் அங்கேதான் வரும். பிறகு விரும்பும் பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பிரிவில் வேலை செய்த அனுபவத்தைத்தான் போஸ்ட் பேசிக்குக் கேட்பார்கள். நீங்கள் செய்த ஒவ்வொரு செயல்முறையையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். சிபிடி என்ற தொடர்கல்விப் புள்ளிகளை வருடக் கடைசிவரை தள்ளாதீர்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஏபிசி என்ற பணிச் சான்றிதழுக்கு அவை தேவை.

போஸ்ட் பேசிக் கட்டணத்தை முதலாளியே கட்டுவது வழக்கம். அங்கேயும் பாண்ட் வரும். கையெழுத்துப் போடுமுன் தலைமைத் தாதியான மேட்ரனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பலர் கேட்பதேயில்லை: பழைய பாண்டும் புதிய பாண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா, பழையது முடிந்த பிறகு புதியது தொடங்குமா? இரண்டுக்கும் இடையில் சில வருடங்கள் வித்தியாசம் வரும், அந்த வயதில்தான் கல்யாணமும் குழந்தையும் வருகின்றன. பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். படிக்கும் மாதங்களில் முழுச் சம்பளமா, இரவுப்பணிப் படி நின்றுவிடுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். வீட்டுத் தவணை கட்டுகிறவர்களுக்கு அந்தப் படி பெரிய தொகை. அரசாங்கத்தில் இருப்பவர்கள் ஹாடியா லத்திஹான் பெர்செகுத்துவான் என்ற அரசாங்கப் பயிற்சி உதவியின் விளம்பரத்தைப் பாருங்கள்.

டிகிரியா, போஸ்ட் பேசிக்கா என்று குழம்புகிறவர்களுக்கு என் பதில், முதலில் போஸ்ட் பேசிக். நோயாளிக்கு உடனே பயன்படுவது அதுதான், அதோடு சம்பளத்திலும் வேறுபாடு தெரியும். சிஸ்டர், மேட்ரன், பாடம் எடுப்பது என்று மேலே போக நினைத்தால் பிறகு டிகிரி வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க, பதிவு பெற்ற தாதியருக்கென்றே மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தாதியர் அறிவியல் இளங்கலை இருக்கிறது. ஷிஃப்டு அட்டவணை போடும் சிஸ்டரிடம் வகுப்பு நாள்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் சேருங்கள்.