கடைவீதிக்கு ஆகாய நடைபாதையா, சுரங்கமா? கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் டவுன் நெரிசலைப் பற்றிப் பேச்சு எடுத்தால், ஆகாய நடைபாதை கட்டலாம், சுரங்க நடைபாதை தோண்டலாம் என்று யாராவது உடனே சொல்லிவிடுகிறார்கள். கட்டலாம்தான். ஆனால், நடப்பவரின் காலை மறந்துவிட்டுக் கட்டினால் அது வெறும் கான்கிரீட்.

முதல் தவறு, குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து மயங்குவது. கனடாவின் டொரன்டோவில் தரைக்கடியில் 30 கிலோமீட்டருக்கும் அதிகமான நடைபாதை இருக்கிறது. அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் 1962 முதல் கட்டடங்களை மாடிப் பாலங்களால் இணைத்து வருகிறார்கள். அங்கே உறைபனிக்குப் பயந்து உள்ளே நடக்கிறார்கள். அப்படியிருந்தும் தெருக்கடைகளின் கூட்டம் குறைந்தது என்ற குறை எழுந்தது. நம் கடைவீதியில் பூக்காரம்மாவும் தட்டுவடை செட் கடைக்காரரும் பிழைப்பதே தெருவில் நடப்பவர்களை நம்பித்தான்.

அடுத்தது படிக்கட்டு. எனக்கு மிகவும் வலிக்கிற தவறு இதுதான். பஸ்ஸும் லாரியும் போக 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 6 மீட்டர். படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 மீட்டருக்கு 1 மீட்டர்தான் உயரலாம். அப்படியானால் 72 மீட்டர் நீளம் தேவை. நெருக்கமான கடைவீதியில் அதற்கு இடமேது? லிஃப்ட் ஒன்றுதான் வழி. லிஃப்டை வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் போடாமல் விடுவது பெரிய கொடுமை. ஓர் ஊரில் லிஃப்ட் கதவில் பூட்டுத் தொங்கியது. பதினைந்தாவது படியில் என் அம்மா பையை இறக்கி வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்து, பஸ்களுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டே சாலையைக் கடந்தோம்.

சென்னை தியாகராய நகரில் 2023இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கிறது. ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏறியவர் அந்த உயரத்திலேயே நடந்துவிடலாம். சேலத்தில் அப்படியொரு இடம் ஈரடுக்காக எழுந்திருக்கும் பழைய பஸ் நிலையம். அதன் மேல்தளத்தில் பஸ்ஸை விட்டு இறங்குபவர் ஏற்கெனவே உயரத்தில்தான் நிற்கிறார். பாலம் அங்கிருந்து தொடங்கட்டும். ஆள் போகாத மூலையில் தொடங்கவே கூடாது.

சுரங்கத்துக்குப் படிகள் குறைவு. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் இடம் போதும். ஆனால் தண்ணீர்? சேர்வராயன் மலையிலிருந்து வரும் திருமணிமுத்தாறு டவுனுக்குள்ளேயே ஓடுகிறது. மலையில் கொட்டும் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாசலைச் சாலை மட்டத்திலேயே வைப்பது தவறு. இரண்டு மூன்று படி ஏறிய பிறகே இறங்கும்படி கட்ட வேண்டும். பம்புக்கு ஜெனரேட்டரும் வேண்டும், ஏனென்றால் மின்சாரம் போவதும் மழை நேரத்தில்தான்.

உள்ளே வளைவு வேண்டாம். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும்; இல்லையென்றால் இரவில் பெண்கள் இறங்க மாட்டார்கள்.

கடைசியாக அகலம். சாதாரண நாள் காலையில் தலைகளை எண்ணிவிட்டு வரைபடம் போடாதீர்கள். ஆடித் திருவிழாவில், கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வரும் மாலையில் வந்து எண்ணுங்கள்.