யெரெவான் பந்தோக்கில் முதல் சாப்பாடு: எப்படி ஆர்டர் செய்வது?

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் அதிகம் செலவில்லாமல் வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமா? 'பந்தோக்' என்று பெயர் போட்ட கடைகளைத் தேடுங்கள். அந்தச் சொல்லுக்குச் சத்திரம் என்று பொருள். இன்று குடும்பம் குடும்பமாக வந்து உட்காரும் சாப்பாட்டுக் கடைகளுக்கு அந்தப் பெயர். மெனு பக்கம் பக்கமாக நீளும், பயப்பட வேண்டாம்.

முதல் படி: ஆளுக்கொரு தட்டு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். எல்லாமே மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடத்தான். நாங்கள் மூன்று பேர் முதல் தடவை போனபோது ஆளுக்கொரு சாலட், ஆளுக்கொரு இறைச்சி என்று சொல்லிவிட்டு, பாதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தோம்.

இரண்டாம் படி: லவாஷ், சீஸ், பச்சை இலைத் தட்டு மூன்றையும் முதலில் சொல்லுங்கள். லவாஷ் துணி மாதிரி மடிக்கக்கூடிய மெல்லிய ரொட்டி. தரையில் பதித்த தோனிர் என்ற மண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடுவார்கள். நம் ஊர் ஓட்டல் தந்தூரி அடுப்புக்கு இது சொந்தக்காரன். 2014-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் லவாஷ் ஏறிவிட்டது. இலைத் தட்டில் ரெஹான் என்னும் ஊதாத் துளசி, கொத்தமல்லி, வெங்காயத்தாள், டாரகன் எல்லாம் பச்சையாகவே வரும். அலங்காரத்துக்கு வைத்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். லவாஷைக் கிழித்து, உப்புச் சீஸ் ஒரு துண்டும் ரெஹான் இரண்டு கிளையும் வைத்துச் சுருட்டிக் கடியுங்கள். என்னைக் கேட்டால், அன்றைய சாப்பாட்டில் ருசியான வாய் அதுதான்.

மூன்றாம் படி: கொரொவாட்ஸ், அதாவது கம்பியில் கோத்துத் தணலில் சுட்ட இறைச்சி. ஒன்றும் சொல்லாமல் விட்டால் பன்றி இறைச்சி வர வாய்ப்பு அதிகம். அதனால் 'ஹாவ்' என்றால் கோழி, 'கோஸ்' என்றால் பன்றி என்பதை நினைவில் வையுங்கள். மசாலாக் காரத்தை எதிர்பார்க்காதீர்கள். உப்பு, வெங்காயம், புகை வாசம், அவ்வளவுதான். இறைச்சிக்கு அடியில் விரித்த லவாஷில் சாறு ஊறியிருக்கும். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்!

சைவமா? 'அரான்ஸ் ம்ஸி' என்றால் 'இறைச்சி இல்லாமல்'. தணலில் சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் கிடைக்கும். தயிரும் கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய ஸ்பாஸ் சூப் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். பாசுட்ஸ் தோல்மா என்று கேட்டால், பருப்பு, கொண்டைக்கடலை, பீன்ஸ் வைத்து முட்டைக்கோஸ் இலையில் சுருட்டியது வரும். கிறிஸ்தவ நோன்புக் காலத்து உணவு அது.

குடிக்க 'தான்' என்ற பானத்தைச் சொல்லுங்கள். பெயர்தான் புதிது, விஷயம் உப்புப் போட்ட நம் மோரேதான். கடைசியில் காபி. சர்க்கரையையும் சேர்த்தே கொதிக்க வைப்பதால், எவ்வளவு வேண்டும் என்பதை ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அடியில் வண்டல் தங்கும். கடைசி மடக்கை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பில். பல கடைகளில் 10 சதவீத சேவைக் கட்டணத்தை அதிலேயே சேர்த்துவிடுவார்கள். பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். வெளியே வந்து தாகம் எடுத்தால் பாட்டில் வாங்காதீர்கள். தெருவோரம் புல்புலாக் என்ற கல் குழாயில் குளிர்ந்த தண்ணீர் இலவசமாகக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். குனிந்து குடிக்க வேண்டும், சட்டை நனையும்.