முட்டி தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்களா? நடக்கறத நிறுத்திடாதீங்க

எக்ஸ்ரேவ பாத்துட்டு டாக்டர் "தேய்மானம்"னு ஒரு வார்த்தை சொன்னதுமே நிறைய பேர் நடக்கறதையே குறைச்சுடறாங்க, எங்கம்மாவும் அதேதான் பண்ணாங்க. செருப்பு தேயற மாதிரி நடக்க நடக்க இன்னும் தேஞ்சுடும், இருக்கறத மிச்சம் பிடிச்சு வெச்சுக்கலாம்னு அவங்க நினைப்பு. ஆறு மாசத்துல நாற்காலிலருந்து எழுந்திரிக்க ரெண்டு கையும் ஊணணும்ங்கற நிலைமைக்கு வந்துட்டாங்க, சரி வலியாவது குறைஞ்சுதான்னா அதுவும் இல்ல.

அந்த வார்த்தைதான் ஆளை ஏமாத்துது. எலும்பு முனையில வழுவழுன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கு இல்லையா, அதுக்குள்ள ரத்தக்குழாயே கிடையாது. மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துலருந்துதான் அதுக்கு சத்து போகணும், அதுவும் நாம காலை ஊணி எடுக்கறப்போ ஸ்பாஞ்சை அமுக்கி விட்டா தண்ணி உள்ள வெளிய போற மாதிரி போகுது, அப்போ அசையாம வெச்சிருந்தா அதுக்கு என்ன கிடைக்கும் சொல்லுங்க. இன்னொண்ணு, குருத்தெலும்புல வலி உணர்ற நரம்பும் இல்ல. வலி வர்றது அடியில இருக்கற எலும்புலருந்தும், வீங்கிப்போன மூட்டு சவ்வுலருந்தும், சுத்தியிருக்கற தசை, தசைநாருலருந்தும்தான். அதனாலதான் எக்ஸ்ரேல மோசமா தெரியற சிலர் நல்லா நடக்கறாங்க, லேசா தெரியற சிலர் துடிச்சுப் போறாங்க. படத்த பாத்து பயப்படாதீங்க, உங்களால என்ன செய்ய முடியுது முடியலைங்கறத பாருங்க.

பொதுவா இது எப்படி இருக்கும்னா, காலைல எழுந்தா முட்டி இறுகி இருக்கும், அரை மணி நேரத்துக்குள்ள விட்டுடும், படி இறங்கறப்போவும் ரொம்ப நேரம் உக்காந்து எழுந்திரிக்கறப்போவும் வலிக்கும். கடக் கடக்னு சத்தம் வரும், வலி இல்லாம சத்தம் மட்டும்னா அத விட்டுடுங்க. ஆனா காலை இறுக்கம் மணிக்கணக்கா இருந்து கை விரல் மூட்டும் வீங்குதுன்னா அது வேற வகை வாதமா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லுங்க. முட்டி திடீர்னு சிவந்து சூடா வீங்கி கூடவே காய்ச்சல் இருந்தாலோ, விழுந்ததுக்கப்புறம் காலை ஊணவே முடியலன்னாலோ அன்னிக்கே போயிடணும்.

இப்போ முக்கியமான விஷயம், தொடை தசை. முட்டிய தாங்கிப் பிடிக்கறதே அதுதான், வலிக்குதுன்னு கால அசைக்காம விட்டா முதல்ல சூம்பிப் போறதும் அதுதான். காலை நீட்டி உக்காந்துக்கோங்க, ஒரு துண்டை சுருட்டி முட்டிக்கு அடியில வெச்சு அத கீழ அமுக்குங்க. முட்டிக்கு மேல கைய வெச்சு பாருங்க, சதை கெட்டியாகுதா? அதுதான் வேணும். 5 செகண்ட் பிடிச்சு விடுங்க, 10 தடவை, காலைல சாயங்காலம் ரெண்டு வேளை. எங்கம்மாவுக்கு முதல் வாரம் சதை கொழகொழன்னு தான் இருந்துச்சு, அமுக்கறாங்களா இல்லையான்னே தெரியல.

அது பழகினதும் நாற்காலி பயிற்சி. உயரமான நாற்காலியா பாத்து, தேவைன்னா மேல தலகாணி போட்டுக்கோங்க, பாதத்த கொஞ்சம் பின்னாடி இழுத்துட்டு முன்னாடி சாஞ்சு எழுந்திரிங்க, முடிஞ்சா கை ஊணாம. உக்கார்றப்போ தான் எல்லாரும் தப்பு பண்றாங்க, தொப்புன்னு விழுந்துடறாங்க. மெதுவா மூணு எண்ணி இறங்கணும், தசைக்கு வேலையே அங்கதான். கூடவே தினம் கொஞ்சம் நடை, முடிஞ்சா சைக்கிளோ நீச்சலோ.

செய்யறப்போ கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேணாம். பொறுத்துக்கற அளவு வலி, மறுநாளுக்குள்ள பழைய நிலைக்கு வந்துடுச்சுன்னா சரியா பண்றீங்கன்னு அர்த்தம். மறுநாளும் வலி அதிகமாவே இருந்தா அளவ குறைங்க, நிறுத்தாதீங்க. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும், ரெண்டே வாரத்துல ஒண்ணும் ஆகலன்னு விட்டுடறவங்கதான் அதிகம், அதான் எனக்கு ரொம்ப ஆதங்கம்.

உடம்பு எடை அதிகமா இருந்தா குறைக்க பாருங்க. 1 கிலோ குறைஞ்சாலே நடக்கறப்போ ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் கிட்டத்தட்ட 4 கிலோ குறையுதுன்னு கணக்கிட்டிருக்காங்க.

கைத்தடி வெச்சுக்கறதுல வெக்கமே வேணாம், ஆனா வலிக்கற காலுக்கு எதிர்ப்பக்கத்து கைல பிடிங்க. பலபேர் வலிக்கற பக்கமே பிடிச்சு அந்தப் பக்கமே சாயறாங்க. படி ஏறறப்போ நல்ல கால் முதல்ல, இறங்கறப்போ வலிக்கற கால் முதல்ல.

மருந்துன்னா முதல்ல மேல தடவற வலி நிவாரண ஜெல்ல முயற்சி பண்ணுங்க. வலி மாத்திரைய நீங்களா வாங்கி மாசக்கணக்கா போடாதீங்க, வயித்துல புண்ணு, கிட்னி, பிரஷர், இதயம்னு பிரச்சனை வரும், அதுவும் வயசானவங்களுக்கு. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், அவ்வளவுதான். மூட்டுக்கு நல்லதுன்னு விக்கற குளுக்கோசமைன்ங்கற சத்து மாத்திரைக்கு காசு செலவு பண்றது எனக்கு உடன்பாடு இல்ல, பெருசா பலன் இருக்கறதா ஆராய்ச்சிகள்ல நிரூபணமாகல.

இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் ராத்திரி தூக்கம் போகுது, வீட்டுக்குள்ளயே நடக்க முடியலன்னா மூட்டு மாத்தற ஆபரேஷன் பத்தி பேசலாம், இப்போ வைக்கற மூட்டு பெரும்பாலானவங்களுக்கு 20 வருஷத்துக்கு மேல தாங்குது. தேதி குறிச்சாச்சுன்னாலும் அந்த துண்டு அமுக்கற பயிற்சிய விட்டுடாதீங்க, பொதுவா அன்னிக்கோ மறுநாளோ எழுப்பி நிக்க வெச்சுடுவாங்க, அப்போ தாங்கப்போறதும் இதே தொடை தசைதான்.