நாணயக் குறிகளைக் கணினியில் இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்வோருக்கு விலைப்பட்டியலும் பற்றுச்சீட்டும் தயாரித்துக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் இளையோர், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைச் செய்வதைக் காண்கிறேன். கூட்டல் பிழை போன்றவை தாமாகவே கண்ணில் படும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இலங்கை ரூபாவுக்கு ₹ இடுதல்

ரூபா என்ற பெயருடைய எல்லா நாணயங்களுக்கும் ₹ பொதுக்குறியன்று. தமிழரான உதயகுமார் வடிவமைத்து, 2010 யூலையில் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட இக்குறி இந்திய நாணயத்துக்கு மட்டுமே உரியது. இலங்கை ரூபாவுக்கு யூனிக்கோட்டில் தனிக்குறி இல்லை, ரூ. என்றோ எல்.கே.ஆர். (LKR) என்ற பன்னாட்டுக் குறியெழுத்தாலோ எழுத வேண்டும். ஆனால், கணினியின் பிராந்திய அமைப்பில் தமிழ் (இலங்கை) இருக்க, முதலில் கண்ணில் படும் தமிழ் (இந்தியா) என்பதையே பலரும் தெரிவு செய்துவிடுகிறார்கள். அதன்பின் எக்செல் தானாகவே ₹ இடுகிறது.

பனையோலைப் பெட்டி இழைக்கும் ஒரு பெண்ணின் விலைப்பட்டியல் இவ்வாறு சென்னை வியாபாரி ஒருவருக்குப் போயிற்று. இந்திய ரூபா ஒன்று இலங்கை ரூபா மூன்றுக்கும் மேல் பெறும் என்பதால், நியாயமான விலை அவருக்கு மும்மடங்குக்கு மேலாகத் தெரிந்தது. பேரம் பேசக்கூட அவர் முன்வரவில்லை. காரணம் வெகுநாள் கழித்தே தெரியவந்தது. ஒரு குறியைச் சரிபார்க்காததால் அந்தப் பெண்ணின் உழைப்புக்கு வரவிருந்த வாய்ப்புப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அமைப்பைத் திருத்தினாலும் கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். எக்செலின் இயல்பான நாணய வடிவம் திறக்கும் கணினியின் பிராந்தியத்தைப் பின்பற்றுவதால், இங்கே ரூ. 45,000 என்றிருப்பது கனடாவில் $45,000 என்று தோன்றலாம். தொகை மாறாது, குறி மட்டும் மாறும் என்பதால்தான் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. நிரலின் தலைப்பில் எல்.கே.ஆர். என்று எழுதி, கலங்களில் வெறும் எண்களை இட்டு, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

வெறும் $

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர் நான்கிலும் டொலரே, நாட்டைக் குறிப்பிடுங்கள்.

வெறும் ¥

யப்பானிய யென்னுக்கும் சீன யுவானுக்கும் இதுவே குறி.

பாமினியில் குறி

பாமினி எழுத்துருவில் $ விசை தமிழ் எழுத்தையே தரும். குறிக்கு மட்டும் எழுத்துருவை மாற்றுங்கள்.

புள்ளியும் காற்புள்ளியும்

ஜேர்மனியிலிருந்து வரும் பட்டியலில் 1.500 யூரோ என்றிருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு. அங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவர். அதை நமது கணினியில் ஒட்டினால் ஒன்றரை யூரோவாகவே கணக்கில் சேரும். ஒட்டுமுன் புள்ளியை நீக்கிவிடுங்கள்.